ஆறு வரிக் குறிப்பை வைத்துக்கொண்டு ஓர் ஐரிஷ் நீதிபதியைப் படிப்பது எப்படி

ஒரு நீதிபதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கையில் சிக்குவது ஆறு வரி. பிறந்த ஆண்டு, படித்த இடம், வக்கீலான ஆண்டு, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், ஓய்வு. அதைத் தமிழில் மாற்றிப் போட்டுவிட்டு "கட்டுரை முடிந்தது" என்று எழுந்து போகிறவர்கள் நிறைய பேர், நானும் அப்படிப் போனவன்தான். சட்டக் கல்லூரி கருத்தரங்குக்கோ, விக்கிப்பீடியாவுக்கோ, போட்டித் தேர்வுக்கோ அயர்லாந்து நீதிபதி ஒருவரைப் பற்றிக் குறிப்பு எடுக்க வேண்டியிருந்தால், அந்த ஆறு வரிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதை இங்கே சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஆளை எடுத்துக்கொள்வோம்: சூசன் டென்ஹம், அயர்லாந்தின் முதல் பெண் தலைமை நீதிபதி.

அவருடைய ஆறு வரி இது. 1945-ல் டப்ளினில் பிறந்தார். டிரினிட்டி கல்லூரி, கிங்ஸ் இன்ஸ், அப்புறம் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம். 1971-ல் பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் நின்று வாதாடும் வழக்கறிஞர்), 1987-ல் சீனியர் கவுன்சல் (மூத்த வழக்கறிஞர் பட்டம்). 1991-ல் உயர் நீதிமன்றம். 1992-ல் உச்ச நீதிமன்றம். 2011 முதல் 2017 வரை தலைமை நீதிபதி.

சரி, ஒரு தாளை எடுத்து 1971-லிருந்து இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் எத்தனை வருடம் என்று கழித்துப் பாருங்கள். 16, 4, 1, 19, 6. உடனே இரண்டு எண்கள் துருத்திக்கொண்டு நிற்கும். உயர் நீதிமன்றத்தில் இரண்டு வருடம்கூட நிலையாக இல்லை, அதற்குள் உச்ச நீதிமன்றம். அங்கே போன பிறகு 19 வருடம் அதே நாற்காலி. 1992-ல் அந்த நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியோடு சேர்த்து மொத்தமே ஐந்து பேர்தான். அந்த ஐவரில் ஒருவராக, முதல் பெண்ணாக, 47 வயதில் வந்து உட்கார்ந்தவர் அந்த 19 வருடம் என்ன செய்தார் என்பதுதான் நீங்கள் தேட வேண்டியது, குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது.

அதற்கு முன்னால் அந்த 16-ஐக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்தில் பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் கிங்ஸ் இன்ஸ் என்ற, 1541-ல் தொடங்கிய அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். முடித்ததும் குறைந்தது ஒரு வருடம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் கூடவே திரிய வேண்டும், பெரும்பாலும் சம்பளம் கிடையாது. நம்மூர் ஜூனியர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. அந்த ஒரு வருடத்துக்கு அங்கே பெயர் 'டெவிலிங்', ஜூனியருக்குப் பெயர் 'டெவில்', அதாவது பிசாசு. இங்கிலாந்தில் இருப்பதுபோலப் பாரிஸ்டர்கள் கூட்டாக அலுவலகம் வைத்துக்கொள்வதும் கிடையாது, ஒவ்வொருவரும் தனி ஆள், எல்லோரும் 'லா லைப்ரரி' என்ற ஒரே அமைப்பில் உறுப்பினர்கள். நீதிபதிகளில் மிகப் பெரும்பாலோர் அந்த ஒரே கூட்டத்திலிருந்து வந்தவர்கள், ஒருவரையொருவர் இருபது வருடமாகத் தெரிந்தவர்கள். சொலிசிட்டர்களுக்கு, அதாவது கட்சிக்காரரோடு நேரடியாக வேலை செய்யும் இன்னொரு வகை வழக்கறிஞர்களுக்கு, உயர் நீதிமன்றக் கதவு திறந்ததே 2002-ல்தான். சீனியர் கவுன்சல் பட்டமும் நம்மூரில் மாதிரி நீதிமன்றம் கொடுப்பதல்ல, அரசு கொடுப்பது. ஆகவே 1987 என்ற அந்த வருடம் வெறும் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான கேள்வி: யார் நியமித்தார்கள்? நம்மவர்கள் கொலீஜியத்தை மனதில் வைத்துக்கொண்டு, மூத்த நீதிபதிகள் கூடிப் பெயர் கொடுத்திருப்பார்கள் என்று எழுதிவிடுவார்கள். அங்கே அப்படி இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 35-வது உறுப்புப்படி நியமிப்பவர் குடியரசுத் தலைவர், ஆனால் பெயரைச் சொல்வது அமைச்சரவை. நீங்கள் எடுத்துக்கொண்ட நீதிபதி எந்த வருடம் நியமிக்கப்பட்டார் என்பதைப் பொறுத்துக் கதை மாறும், அதற்கு மூன்று காலகட்டங்களைத் தெரிந்துவைத்தால் போதும்.

1995-க்கு முன்னால் அமைச்சரவை நினைத்தால் நியமனம், அவ்வளவுதான். 1994 நவம்பரில் அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர்) இருந்த ஹாரி வீலஹனைக் கூட்டணிக் கட்சியின் எதிர்ப்பையும் மீறி உயர் நீதிமன்றத் தலைவராக நியமித்தார்கள். அந்தத் தகராறில் தொழிற்கட்சி வெளியேறி அரசே கவிழ்ந்தது, பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் விலகினார், வீலஹனும் பதவியேற்ற சில நாட்களிலேயே விலகினார். ஒரு நீதிபதி நியமனத்தால் ஆட்சி விழுந்தது என்றால் யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடமே சட்டம் போட்டு ஓர் ஆலோசனை வாரியம் அமைத்தார்கள். ஒரு காலியிடத்துக்குக் குறைந்தது ஏழு பெயர் கொடுக்கும் வாரியம் அது, அரசு அந்தப் பெயர்களைத் தாண்டியும் போகலாம். ஏற்கெனவே நீதிபதியாக இருப்பவருக்குப் பதவி உயர்வு என்றால் வாரியத்துக்கு அதில் வேலையே கிடையாது. மூன்றாவது காலம் 2025 ஜனவரி 1-ல் தொடங்கியது. தலைமை நீதிபதி தலைமையில் நீதித்துறை நியமன ஆணையம், ஒரு காலியிடத்துக்கு மூன்று பெயர், அரசு அந்த மூன்றுக்குள்தான் எடுத்தாக வேண்டும். இந்தச் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் ஹிக்கின்ஸ் கையெழுத்துப் போடும் முன் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப, 2023 டிசம்பரில் அது செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது.

டென்ஹம் முதல் காலத்தில் உள்ளே வந்தவர். 1991, 1992 இரண்டு நியமனங்களின்போதும் ஆட்சியில் இருந்தது ஃபியனா ஃபால் தலைமையிலான அரசு. 2011-ல் அவரைத் தலைமை நீதிபதியாக்கியது எதிர் முகாம், ஃபினே கேல்-தொழிற்கட்சி கூட்டணி. இரண்டு தரப்பும் நியமித்த ஒருவர் என்ற இந்தச் செய்தியை எந்தச் சுருக்கக் குறிப்பும் சொல்லாது, நியமனத் தேதிக்குப் பக்கத்தில் அப்போதைய அரசின் பெயரை நீங்களே எழுதிப் பார்த்தால்தான் தெரியும். இன்னொரு விஷயம், தலைமை நீதிபதி உறுதிமொழி எடுப்பது குடியரசுத் தலைவர் முன்னிலையில், மற்ற நீதிபதிகள் எடுப்பது தலைமை நீதிபதி முன்னிலையில். 2011 ஜூலையில் டென்ஹமை நியமித்து எதிரே இருந்த குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ். அவரும் சட்டம் படித்தவர், சட்டப் பேராசிரியராக இருந்தவர். அயர்லாந்தில் பெண்கள் முதன்முதலாகப் பாரிஸ்டர் ஆனது 1921-ல், கீழ்நிலை நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதி 1964-ல், உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் மெல்லா கரோல் 1980-ல். 'முதல் பெண்' என்று எழுதும்போது இந்த வருடங்களையும் பக்கத்தில் வைத்தால் அந்தச் சொல்லுக்குக் கனம் வரும்.

படிப்படியாக ஏறுவது மட்டும்தான் வழி என்றும் நினைக்க வேண்டாம். ஏட்ரியன் ஹார்டிமன் 2000-லும், பின்னாளில் தலைமை நீதிபதியான டோனல் ஓ டானல் 2010-லும் வழக்கறிஞராக இருந்தே நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள். ஜான் மர்ரி லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்தில் எட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்து, 2004-ல் தலைமை நீதிபதி ஆனார். எல்லாவற்றையும் மிஞ்சியவர் கேரல் ஓ டாலி. நாளிதழ் ஒன்றின் ஐரிஷ் மொழிப் பகுதி ஆசிரியர், 35 வயதில் அட்டர்னி ஜெனரல், 1961-ல் தலைமை நீதிபதி, பிறகு ஐரோப்பிய நீதிமன்ற நீதிபதி, 1974-ல் நாட்டின் குடியரசுத் தலைவர். 1976-ல் ஒரு நெருக்கடிநிலைச் சட்ட மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்பினார் என்பதற்காகப் பாதுகாப்பு அமைச்சர் ராணுவ வீரர்கள் முன்னால் அவரை இழிவாகப் பேச, அரசு அந்த அமைச்சரை நீக்காததால் அவர் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். மசோதா செல்லும் என்றுதான் நீதிமன்றம் சொல்லியிருந்தது, அது வேறு கதை.

அடுத்து தீர்ப்புகள். உழைப்பு அதிகம் கேட்பது இந்தப் பகுதிதான், என்னை அசிங்கப்படுத்தியதும் இதுதான். அயர்லாந்து நீதிமன்றங்களின் சொந்த இணையதளத்திலும் 'பெய்லி' என்ற இலவசத் தளத்திலும் தீர்ப்புகள் கிடைக்கும். பெயருக்குப் பின்னால் 'ஜே' என்ற ஒற்றை எழுத்து இருந்தால் நீதிபதி, 'சி.ஜே.' என்றால் தலைமை நீதிபதி, வெறும் 'பி' என்றால் அந்த நீதிமன்றத்தின் தலைவர். ஒரே ஆள் 2011-க்கு முன்னால் ஒரு மாதிரியும் பின்னால் வேறு மாதிரியும் வருவார், இரண்டையும் தேடுங்கள். எண் குறிப்பில் வருடத்துக்கு அடுத்து 'ஐ.இ.எஸ்.சி.' என்றிருந்தால் உச்ச நீதிமன்றம், 'ஐ.இ.எச்.சி.' என்றிருந்தால் உயர் நீதிமன்றம்.

நான் செய்த தவறு இது. பல வருடங்களுக்கு முன் ஒரு படிப்பு வட்டத்துக்காக ஒரு நீதிபதியைப் பற்றி எழுதிய குறிப்பில், "அரசமைப்பு வழக்குகளில் இவர் ஒருபோதும் மாறுபட்ட தீர்ப்பு எழுதியதில்லை, எப்போதும் பெரும்பான்மையோடே நின்றவர்" என்று ரொம்பப் பெருமையாகப் போட்டிருந்தேன். படித்துப் பார்த்த மூத்தவர் ஒருவர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: "34-வது உறுப்பைப் படித்தாயா தம்பி?" படிக்கவில்லை. விஷயம் என்னவென்றால், 1941-ல் செய்த ஒரு திருத்தத்தால், 1937-க்குப் பிறகு வந்த ஒரு சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு தீர்ப்பைத்தான் சொல்ல வேண்டும், மாற்றுக் கருத்து இருந்தது என்பதையே வெளியில் காட்டக்கூடாது என்று விதி இருந்தது. உள்ளே மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்தார்களா, ஐந்துக்கு ஐந்தும் ஒன்றா, யாருக்கும் தெரியாது. 2013 பொதுவாக்கெடுப்பில்தான் இந்த விதி போனது, குடியரசுத் தலைவர் அனுப்பும் மசோதாக்களுக்கு மட்டும் இன்னும் இருக்கிறது. ஆக, அந்தக் காலத்து நீதிபதியின் மௌனத்தை ஒப்புதலாக எண்ணி எழுதிவிடாதீர்கள்.

மாறுபட்ட தீர்ப்பு வெளிப்படையாகக் கிடைக்கும் வழக்குகளை நோக்கிப் போங்கள். டென்ஹமுக்கு அப்படி ஒன்று, 1999-ல் வந்த டி ரோசா வழக்கு. அரசியல்வாதி ஒருவர் ஒரு செய்தித்தாள் மேல் போட்ட அவதூறு வழக்கில் ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த பன்னிரண்டு பேர்) 3 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுத்திருந்தது. அங்கே அப்போது தொகை எவ்வளவு என்பதைப் பற்றி ஜூரிக்கு நீதிபதி எந்த வழிகாட்டலும் தரமாட்டார், எண்ணே சொல்லமாட்டார், பன்னிரண்டு பேரும் மனதில் பட்ட தொகையைச் சொல்ல வேண்டியதுதான். பெரும்பான்மை நீதிபதிகள் இந்த நடைமுறையையும் தொகையையும் ஏற்றுக்கொண்டார்கள். டென்ஹம் மட்டும் ஏற்கவில்லை, ஜூரிக்கு வழிகாட்டல் தர வேண்டும் என்றார். அடுத்த வருடம் வேறொரு செய்தித்தாள் வழக்கில் அதே கேள்வி மறுபடி வந்தபோதும் பெரும்பான்மை அசையவில்லை, அவரும் அசையவில்லை. 2009-ல் வந்த புதிய அவதூறுச் சட்டம், இழப்பீடு குறித்து நீதிபதி ஜூரிக்கு வழிகாட்டல் தர வேண்டும் என்று சொன்னது.

இங்கே உங்களுக்கு ஒரு சபலம் வரும். டென்ஹமின் அப்பா டக்ளஸ் கேஜ்பி, ஐரிஷ் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவர். பத்திரிகை ஆசிரியரின் மகள், பத்திரிகை பக்கம் சாய்ந்த தீர்ப்பு, என்று முடிச்சுப் போட்டால் கட்டுரை படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். போடாதீர்கள். தீர்ப்பைத் திறந்து பாருங்கள், வாதம் அளவுப் பொருத்தத்தைப் பற்றியது, கருத்துச் சுதந்திரத்துக்கும் நற்பெயருக்கும் நடுவே தராசு எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றியது. குடும்பப் பின்னணியை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்வது போதும்.

ஒரே பிரச்சினையை வருடக்கணக்கில் பின்தொடர்வது இன்னொரு நல்ல வழி. 1995-ல் விவாகரத்து அனுமதி குறித்த பொதுவாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 'ஆம்' என்று வாக்களிக்கச் சொல்லி அரசு 5 லட்சம் பவுண்டு பொதுப்பணத்தைச் செலவழிப்பது தவறு என்று மெக்கென்னா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பான்மையில் டென்ஹம் இருந்தார். திருத்தம் கடைசியில் 50.28 சதவீதத்தில் மயிரிழையில் ஜெயித்தது. 17 வருடம் கழித்து, 2012 நவம்பரில், குழந்தைகள் உரிமை பற்றிய வாக்கெடுப்பு. அரசு வெளியிட்ட கையேடும் இணையதளமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று மெக்கிரிஸ்டல் வழக்கு. வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது அரசுக்கு எதிராகத் தீர்ப்பு, அமர்வின் தலைமை டென்ஹம். அவரைத் தலைமை நீதிபதியாக்கிய அதே அரசு. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு பத்தி தானாக எழுதிக்கொள்ளும்.

ஆனால் தீர்ப்புகளோடு நின்றுவிட்டால் அந்த 19 வருடத்தில் பாதியைத் தவறவிட்டுவிடுவீர்கள். அயர்லாந்தில் மூத்த நீதிபதிகளுக்கு விசாரணை ஆணையம், சீர்திருத்தக் குழு என்று நீதிமன்றத்துக்கு வெளியே எக்கச்சக்க வேலை. யாராவது ஒரு நீதிபதியைக் கூகுளில் தேடும்போது பெயரோடு 'ஆணையம்', 'செயற்குழு' என்பதற்கான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள், வேறொரு மனிதர் வெளியே வருவார். டென்ஹம் விஷயத்தில், 1995-ல் நீதிமன்ற நிர்வாகத்தை ஆராயும் குழுவுக்குத் தலைவரானார். அதுவரை அங்கே நீதிமன்றக் கட்டடம், ஊழியர், பட்ஜெட் எல்லாம் நீதி அமைச்சகத்தின் கையில். குழுவின் அறிக்கைகளைத் தொடர்ந்து 1998-ல் சட்டம், 1999 நவம்பரில் 'கோர்ட்ஸ் சர்வீஸ்' என்ற தனி அமைப்பு. அப்புறம் மேல்முறையீட்டு நீதிமன்றம். உயர் நீதிமன்றத்திலிருந்து வரும் மேல்முறையீடுகள் நேராக உச்ச நீதிமன்றத்தில் குவிந்து வருடக்கணக்கில் கிடந்தன, நடுவில் ஒரு நீதிமன்றம் வேண்டும் என்று 2009-ல் அவர் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. 2013-ல் பொதுவாக்கெடுப்பு, 2014 அக்டோபரில் நீதிமன்றம் திறந்தது. ஒரே நபர், குழுத் தலைவராக யோசனை சொல்லி, தலைமை நீதிபதியாக இருந்து அது நடப்பதையும் பார்த்தார். என்னைக் கேட்டால், அவருடைய எந்தத் தீர்ப்பையும்விட அந்த நாட்டின் சாதாரண வழக்காடியைத் தொட்டது இதுதான், ஏனோ எல்லோரும் 'முதல் பெண்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பதவிக்காலத்தில் நடந்த கசப்பான விஷயங்களையும் விடாதீர்கள். பொருளாதாரம் படுத்த நேரத்தில் அரசு ஊழியர் சம்பளத்தையெல்லாம் வெட்டினார்கள், நீதிபதிகள் சம்பளத்தை மட்டும் வெட்ட அரசமைப்பு விடவில்லை. 2011 அக்டோபரில், டென்ஹம் தலைமை ஏற்ற மூன்றாவது மாதம், அதை மாற்றப் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள், கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் 'வெட்டு' என்றார்கள்.

கடைசி வரியில் ஒரு கணக்குப் புதிர் இருக்கிறது. அயர்லாந்தில் நீதிபதிகள் ஓய்வு வயது 70, தலைமை நீதிபதிக்கு அதிகபட்சம் ஏழு வருடம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். டென்ஹம் பிறந்தது 1945 ஆகஸ்ட், ஓய்வு பெற்றது 2017 ஜூலை. 71 வயது. ஏழு வருடமும் ஆகவில்லை. யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று தேதியைத் திருத்தப் போகாதீர்கள். மேல்நிலை நீதிபதிகளின் ஓய்வு வயதை 72-லிருந்து 70 ஆக்கியது 1995 சட்டம், அதற்கு முன்பே பதவியில் இருந்தவர்களுக்குப் பழைய வயதே தொடர்ந்தது. அவர் 72-வது பிறந்தநாளுக்குச் சில வாரம் முன்பு இறங்கினார். நீங்கள் எடுத்த நீதிபதி 70-க்கு வெகு முன்பே போயிருந்தால் காரணத்தைத் தேடுங்கள், சிலர் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயிருப்பார்கள், சிலர் சர்ச்சையில் விலகியிருப்பார்கள். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டுத்தான் நீக்க முடியும், அப்படி இதுவரை ஒருவரையும் நீக்கியதில்லை, 1999-ல் ஓர் உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியும் ஒரே சர்ச்சையில் தாங்களே விலகினார்கள்.

ஓய்வுத் தேதிக்குப் பிறகும் ஒரு நான்கைந்து வருடம் தள்ளித் தேடிப் பாருங்கள். நீதிபதிகளின் நடத்தை, பயிற்சி, புகார் எல்லாவற்றுக்கும் ஒரு நீதித்துறை மன்றம் வேண்டும் என்று டென்ஹம் பதவியில் இருந்த காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார், 2011-லேயே தற்காலிகமாக ஒன்றை அமைத்தும் வைத்தார். அதற்கான சட்டம் நிறைவேறியது 2019-ல். 2017-ல் முடியும் குறிப்பில் அது இருக்காது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.